உலராத துணியும் நிறைவுறாத தொண்டும்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் வடபகுதியிலுள்ள கம்போங் ராஜாவிலும், அதனை அடுத்த புளூவேலி தேயிலைத் தோட்டத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குத் தீபாவளிக்கு முந்திய வாரங்கள் வீட்டைத் தூய்மை செய்யும் காலமாகும். சன்னல்களிலும் வாசல்களிலும் தொங்கும் திரைச்சீலைகள் (மலேசியப் பேச்சு வழக்கில் லங்சிர்) அப்போது கழற்றித் துவைக்கப்பட்டு வெளியே கொடியில் உலர்த்தப்படுகின்றன. ஆயினும் தீபாவளி வரும் அக்டோபர், நவம்பர் மாதங்கள் இம்மலையில் மழை மிகுதியாகப் பெய்யும் பருவமாக இருப்பதாலும், 1,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் குளிர்ந்த காற்று குறைந்த அளவு நீராவியையே ஏற்கவல்லது என்பதாலும், மூடுபனி இறங்கிய பகல்களில் கொடியிலுள்ள துணி காலையில் இருந்தவாறே மாலையிலும் ஈரமாக இருக்கும். துவைத்தல் கையின் ஆற்றலுக்குள் அடங்கியது, உலர்தல் அதற்கு அப்பாற்பட்டது. ஒருவர் தம் கடமையை முழுதும் செய்த பின்னரும் பயன் கைகூடாதபோது அச்செயலை நிறைவுற்றது எனக் கொள்வதா, குறைபட்டது எனக் கொள்வதா என்ற வினா இங்கே எழுகிறது.

சைவ மரபில் இவ்வினாவுக்கு மிக நெருங்கிய வரலாறு, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் உள்ளது. காஞ்சிபுரத்தில் ஏகாலியர் எனப்படும் ஆடை வெளுக்கும் குலத்தில் தோன்றிய திருக்குறிப்புத்தொண்ட நாயனார், சிவனடியார்களின் ஆடைகளை வெளுத்துக் கொடுப்பதைத் தம் தொண்டாகக் கொண்டிருந்தார். குளிர்காலத்தில் ஒரு நாள் மெலிந்த மேனியும் அழுக்கேறிய கந்தையுமாக வந்த முதிய அடியார் ஒருவர், குளிருக்கு வேறு துணையில்லாமையால் மாலைக்குள் உலர்த்தித் தரவேண்டும் என்ற உறுதியைப் பெற்றுக்கொண்டே அக்கந்தையைக் கொடுக்கிறார். அவ்வடியார் வடிவில் வந்தவர் இறைவனே. நாயனார் அதை அழுக்குப் போக வெளுத்து முடிக்கும் வேளையில் மழை பிடித்துக்கொள்கிறது. பொழுது சாய்ந்தும் விடவில்லை. முன்னரே துவைத்து வீட்டினுள் காற்றில் உலர்த்தியிருக்கலாமே, அதை அறியாமற் போனேனே என்று வருந்திய அவர், துணி துவைக்கும் கல்லிலேயே தம் தலையை மோத முற்பட, அக்கல்லிலிருந்து இறைவனின் கை தோன்றி அவரைத் தடுக்கிறது.

இந்நிகழ்ச்சியை அன்பின் உறுதியைக் காட்டும் சோதனையாகக் கொள்வதே வழக்கம். அவ்விளக்கம் பொருந்துவதே எனினும், அந்தக் கை எதைத் தடுத்தது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். மழையை வரவழைத்தவர் நாயனார் அல்லர்; இருந்தும் அதனால் விளைந்த குற்றத்தை முழுமையாகத் தம்மேல் ஏற்றிக்கொள்கிறார். சைவ சித்தாந்தத்தின்படி, செய்யும் செயல் அனைத்துக்கும் தானே தலைவன் என்று உயிரை எண்ணச் செய்வது ஆணவம். அதாவது உயிரின் அறிவைத் தொடக்கமில்லாக் காலந்தொட்டு மறைத்து நிற்கும் மூல அழுக்கு. வெற்றியில் செருக்காக வெளிப்படும் இவ்வெண்ணம், தோல்வியில் தன்னைத்தானே தண்டித்துக்கொள்ளும் பழியுணர்வாகவும் வெளிப்படக்கூடும். நாயனாரின் அன்பில் குறை காண்பது இங்கு நோக்கமன்று. அவ்வன்பு தன் எல்லைக்கு அப்பாற்பட்டதையும் சுமக்கத் துணிந்த இடத்தில், சுமை அவருடையதன்று என்று இறைவன் தடுத்ததாகக் கொள்ளவும் இவ்வரலாறு இடந்தருகிறது.

அடுத்த நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் இயற்றிய சித்தாந்த சாத்திரமான சிவஞான சித்தியார் இதே தொழிலை உவமையாக எடுத்துக்கொள்கிறது. உடலும் கருவிகளும் மாயை என்னும் மலத்திலிருந்து, அதாவது அழுக்கிலிருந்து, தோன்றியவை. மலத்தை மலத்தால் கழுவுதல் எவ்வாறு இயலும்? ஆடை வெளுப்பவர் துணியில் சாணத்தையும் உவர்மண்ணையும் ஏற்றி அழுக்கைப் போக்குவதுபோல, இறைவன் மாயையைக் கொண்டு ஆணவத்தைப் போக்குகிறான் என்பது நூலின் விடை. சாணமும் உவர்மண்ணும் துணியில் தங்கிவிடக் கூடாதவை. இன்றைய சவர்க்காரத்துக்கும் அது பொருந்தும், ஏனெனில் சரியாக அலசப்படாத திரைச்சீலை விறைப்பாகி மீண்டும் தூசியைப் பற்றிக்கொள்ளும். கருவியாக வந்த பொருளும் இறுதியில் நீங்கவேண்டும் என்பதை இவ்வுவமை தெளிவாக உணர்த்துகிறது. துணியின் அழுக்கு இடையில் வந்தது, ஆணவமோ செம்பிற் களிம்புபோல உயிருடன் என்றும் உள்ளது. அந்த இடத்தில் மட்டும் உவமை பொருந்தாது.

இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவர் வியக்கத்தக்க ஒரு மாற்றத்தைக் காணலாம்: புராணத்தில் அடியவர் இறைவனின் கந்தையை வெளுக்கிறார், சாத்திரத்தில் இறைவன் உயிரை வெளுக்கிறான். பிறர் அழுக்கைத் தொட்டார்கள் என்பதற்காகவே ஒரு குலத்தை ஒதுக்கி வைத்த சமூகத்தில், அக்குலத்தின் தொழிலைப் பரம்பொருளின் தொழிலாகக் கூறிய நூல் சைவர்களுக்குச் சாத்திரமாக விளங்குகிறது. அதை ஓதிக்கொண்டே அத்தொழிலாளரை இழிவாக நடத்தியது பெருந்தவறு என்பதில் ஐயமில்லை.

சித்தியாரின் இவ்வுவமை வெளுத்தலோடு நின்றுவிடுகிறது. உலர்த்தல் அதில் இல்லை. ஆனால் உலர்தலுக்கு உரிய கருத்துகள் சித்தாந்தத்திலேயே உள்ளன. மலம் தன் ஆற்றல் மெலிந்து நீங்கும் பக்குவத்தை அடைவது மலபரிபாகம் எனவும், அந்நிலையில் திருவருள் உயிரில் பதிவது சத்திநிபாதம் எனவும் கூறப்படும். கதிரவன் தான் மாறாமல் தன் முன்னிலையில் தாமரையை மலர்விப்பதுபோல, இறைவனும் மாறுபாடின்றி உயிர்களின் பக்குவத்துக்கேற்ப அருள்கிறான் என்பர். அவ்வாறாயின் பக்குவம் முதிர்ந்த நாயனாருக்கு மழை ஏன் குறுக்கிட்டது? இறைவனின் ஐந்தொழில்களுள் மறைத்தல் ஒன்று. அதைச் செய்யும் திரோதான சத்தி, மலத்தை முதிர்விக்க அதனோடு உடனிருந்து செலுத்துவதால் மலம் என்றே உபசாரமாக, அதாவது தொடர்பு பற்றி, அழைக்கப்படினும் உண்மையில் அது அருளே. இக்கருத்தைக் கொண்டு நோக்கினால், காஞ்சியில் பெய்த மழையும் கல்லிலிருந்து எழுந்த கையும் ஒரே சத்தியின் இரு செயல்களாகும்.

இதனால் முயற்சி வேண்டாதது ஆகிவிடுவதில்லை. வாளியில் சுருண்டு கிடக்கும் துணியை எந்த வெயிலும் உலர்த்துவதில்லை. கம்போங் ராஜாவில் பனி விலகும் சிறுபொழுதில் திரைச்சீலைகளைக் கொடியில் விரிப்பதும், தூறல் விழுந்ததும் எடுத்துத் தாழ்வாரத்துக்குள் கட்டுவதும், பண்டிகை நெருங்கிவிட்டால் பாதி ஈரத்தோடு அவற்றைச் சன்னற் கம்பியிலேயே மாட்டிக் கதவுகளைத் திறந்துவைப்பதும், முன்பே செய்திருக்கலாமே என நாயனார் ஏங்கிய அந்த வீட்டுக்காற்றை நம்பிச் செய்யும் செயல்களே. அவ்வாறு ஈரம் நீங்காத திரைச்சீலையின் கீழ் தீபாவளி விளக்கை ஏற்றும் இல்லத்தார் அதனைத் தூய்மைக் குறைவாகவோ பண்டிகைக்குப் பொருந்தாததாகவோ கருதி வருந்தவேண்டும் என்பதற்கு இம்மரபில் எந்த ஆதாரமும் இல்லை.