வரவேற்பவர் இல்லாத வரவேற்பு

ஒரு சங்கத்திலோ அறக்கட்டளையிலோ கோயில் திருப்பணிக் குழுவிலோ ஒருவர் தம் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் பதிந்த சில நொடிகளில் அவருக்கு வந்து சேரும் வரவேற்பு மடல், பல மாதங்களுக்கு முன்பே எழுதப்பட்டு, பதிவு நிகழ்ந்ததும் கணினியே அனுப்பிவிடுமாறு அமைக்கப்பட்டது. அது போய்ச் சேரும் வேளையில் அதை எழுதியவர் உறங்கிக்கொண்டிருக்கலாம், அந்தப் பொறுப்பை விட்டே விலகியிருக்கலாம். வந்தவர் யார் என்று அறியாமலே சொல்லப்படும் 'வருக' வரவேற்பு ஆகுமா என்பது தொழில்நுட்பக் கேள்வி போலத் தோன்றினாலும், செயலுக்கும் செய்பவரின் எண்ணத்துக்கும் உள்ள உறவு பற்றிய பழைய சமயக் கேள்வியே அது. அதை ஆராயச் சென்னையின் மேற்குப் புறநகரைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. பூந்தமல்லி, திருவேற்காடு, திருநின்றவூர் ஆகிய ஊர்களின் அடியார் வரலாறுகளே போதிய இடம் தருகின்றன.

ஆள் இல்லாமலும் செயல் நிகழலாம் என்பதை நம் மரபு மறுக்கவில்லை. வேதச் சடங்குகளின் பொருளை ஆராயும் மீமாம்சை, வேள்வியில் கைவேலை முழுவதையும் தட்சிணை பெறும் ருத்விக்குகள், அதாவது வேள்வி நடத்தும் புரோகிதர்கள், செய்தாலும், 'இது இன்ன பயன் கருதி' என்று சங்கல்பம் செய்துகொண்டு பொருளைத் துறக்கும் யஜமானனுக்கே அதன் பலன் சேரும் என்கிறது. சோழர் காலக் கோயில்களின் நந்தா விளக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்கு, இதே கருத்தின் மேல் எழுந்ததுதான்: கொடையாளி தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகளைக் கோயிலுக்கு அளிப்பார், இடையர் அவற்றைப் பெற்றுக்கொண்டு நாள்தோறும் உழக்கு நெய் அளப்பார், மந்தையின் எண்ணிக்கை குறையாமல் குட்டிகளால் ஈடுசெய்யப்படும் என்பதால் அவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. கொடுத்தவர் மறைந்து பல தலைமுறைகள் கழிந்த பின்னும் எரியும் அந்த விளக்கு அவருடைய வழிபாடாகவே எண்ணப்பட்டது. இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களில் 2002 முதல் நடந்துவரும் அன்னதானத் திட்டத்தில், ஒரு குடும்பம் செலுத்தும் வைப்பு நிதியின் வட்டியிலிருந்து குறித்த நாளில் முன்பின் அறியாதவர்களுக்கு இலை போடப்படுவதும் இந்த வழியில் வந்ததே.

ஆயினும் விளக்கு எரிவதும் விருந்தினர் வரவேற்கப்படுவதும் ஒன்றல்ல. பூந்தமல்லியில் பிறந்து, காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு புரிந்த திருக்கச்சி நம்பியைப் பற்றி வைணவ குருபரம்பரை நூல்கள் கூறும் நிகழ்ச்சி இங்கே கூர்ந்து நோக்கத்தக்கது. நம்பி உண்ட மிச்சத்தைத் தாம் உண்ண விரும்பிய இராமாநுசர், வீட்டில் சமைக்கச் செய்துவிட்டு அவரை அழைத்துவர ஒரு தெரு வழியே போக, நம்பியோ வேறு தெரு வழியே வந்து, கோயில் பணிக்கு நேரமாயிற்று என்று உண்டுவிட்டுத் திரும்பினார். இராமாநுசரின் மனைவி தஞ்சமாம்பாள், நம்பியின் குலத்தைக் கருதி, உண்ட இலையை அப்புறப்படுத்தி, இடத்தை மெழுகி, நீராடி, மறுபடி சமைக்கத் தொடங்கியிருந்தார். ஏற்பாட்டில் குறையில்லை, உணவும் பரிமாறப்பட்டது, அழைத்தவரின் எண்ணமோ மிக உயர்ந்தது. என்றாலும் எண்ணம் உடையவர் அங்கே இல்லாததால், விருந்தினர் வயிறு நிறைந்தும் வரவேற்கப்படாதவராகவே அந்த வீட்டை விட்டுச் சென்றார். இராமாநுசர் வருந்தியது சோறு வீணானதற்காக அன்று.

இதற்கு நேர்மாறாக, திருவேற்காட்டு மூர்க்க நாயனார் அடியார்க்கு அமுதளிக்கும் பணிக்கென உடைமையெல்லாம் விற்று, பின்னர்ச் சூதாடிப் பொருளீட்டினார் என்று பெரிய புராணம் கூறுகிறது. பூந்தமல்லிக்கு அருகிலுள்ள குன்றத்தூரில் பிறந்து அந்நூலை இயற்றிய சேக்கிழார், தம் அண்டை ஊராரின் இக்கதையில், ஆட மறுத்தவர்களைச் சுரிகையால் குத்திய கொடுமையையும் மறைக்கவில்லை. சூதில் வென்ற பொருளை நாயனார் தம் கையால் தொடாமல் சமையற்காரரிடமே விட்டார். சமையல் பிறர் செய்ததே. ஆனால் அடியார்கள் அனைவரும் உண்டு முடிக்கும்வரை காத்திருந்து கடைசிப் பந்தியில்தான் அவர் உண்டார். வேலையைப் பிறரிடம் ஒப்படைத்தவர், வந்தவர் முன் நிற்கும் பொறுப்பை மட்டும் ஒப்படைக்கவில்லை. திருநின்றவூர்ப் பூசலாரோ, பொருளின்றி மனத்துள்ளேயே கோயில் எழுப்பி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். சிவபெருமான் காடவர்கோன், அதாவது பல்லவ மன்னன், கனவில் தோன்றி, அவன் காஞ்சியில் எழுப்பிய கற்றளியின் குடமுழுக்கு விழாவை வேறு நாளுக்கு மாற்றச் சொன்னார். செயலே இல்லாத எண்ணம் அங்கே ஏற்கப்பட்டது என்றால், எண்ணம் விலகிப்போன செயலை எவ்வாறு மதிப்பது என்ற கேள்வி இன்னும் கடுமையாகிறது.

நந்தா விளக்குக்குக் கொடையளித்தவர்கள், எண்ணம் செயலை விட்டு விலகிப்போகும் இந்த ஆபத்தை உணர்ந்தே இருந்தனர். தம் அறத்தைப் பன்மாகேசுவரர், அதாவது சிவனடியார் கூட்டம், காக்க வேண்டும் என்றும், அதைக் காப்பவரின் திருவடி தம் தலைமேல் என்றும் அவர்கள் கல்லில் வெட்டிவைத்தனர். இடையர் நெய் அளக்கத் தவறினால் கேட்பதற்கு ஆட்கள் இருந்தனர். தானாக நடக்கும் ஏற்பாட்டை அமைத்தவர்கள், அதற்குப் பதில் சொல்லும் ஆளையும் சேர்த்தே அமைத்தனர் என்பதுதான் இங்குக் கொள்ள வேண்டிய செய்தி.

தானியங்கி மடல்கள் தவறுவதும் இவ்விடத்தில்தான். பெயர் நிரப்பப்படாத படிவத்துக்கு 'அன்புள்ள' என்ற சொல்லும் காற்புள்ளியும் மட்டும் நடுவே வெற்றிடத்தோடு போகின்றன. அடியில் 'இம்மடலுக்குப் பதில் அனுப்ப வேண்டாம்' என்ற வரி நிற்கிறது. தானியங்கிப் பதில்கள் பற்றி 2004இல் வெளியான இணைய நெறிமுறை ஆவணம், ஓர் எந்திரத்தின் பதிலுக்கு மற்றோர் எந்திரம் பதில் எழுதி அது ஓயாமல் தொடர்வதைத் தடுக்க விதிகளை வகுத்துள்ளது. வருபவரும் இன்றி வரவேற்பவரும் இன்றி உபசாரம் மட்டும் நடக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வரவேற்பவரின் முகம் மாறினாலே விருந்தினர் வாடிவிடுவார் என்று விருந்தோம்பல் அதிகாரத்தில் வள்ளுவர் கூறுவதும் முகத்தைப் பற்றியே. பதில் கேட்கவும் மறுக்கும் மடலுக்கு முகமே இல்லை.

கணினி அனுப்பியது என்ற ஒரே காரணத்தால் வரவேற்பு பொய்யாகிவிடாது. எனவே இத்தகைய மடலை அமைக்கும் சங்கங்களும் கோயில் குழுக்களும் அதன் அடியில் பொறுப்பாளர் ஒருவரின் பெயரை இட்டு, வரும் பதில்கள் அவர் கண்ணில் படுமாறு முகவரியை அமைத்து, பொறுப்பு மாறும் நாளிலேயே பெயரையும் மாற்ற வேண்டும். அதற்கு ஆள் இல்லாத அமைப்பு, பதிவு கிடைத்தது என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டு, 'வருக' என்று எழுதாமல் விடுவதே நேர்மை.