வெளி வீதிக்கு வெளியே

மதுரையில் முதல் வீடு வாங்கப் போகிறவரிடம் சொந்தபந்தம் கேட்கும் முதல் கேள்வி, "ஊருக்குள்ளயா, வெளியவா?" என்பதுதான். விலையும் கடனும் அப்புறம். ஊருக்குள் என்றால் மாசி வீதிகளை ஒட்டிய சந்துகள், சிம்மக்கல், செல்லூர், போனால் போகிறதென்று நரிமேடு. வெளியே என்றால் ஒத்தக்கடை, கடச்சனேந்தல், ஊமச்சிகுளம், நாகமலைப் புதுக்கோட்டை என்று நீண்டுகொண்டே போகும். கேட்பவர்கள் இதை வசதி பற்றிய கேள்வியாகத்தான் கேட்கிறார்கள். தண்ணீர் எப்படி, பஸ் உண்டா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்? இரண்டு வருடம் வீடு தேடி அலைந்ததில் அதற்குள் வேறொரு கேள்வி இருப்பது எனக்குத் தெரிந்தது. நான் வாங்கும் வீட்டின் பாரம் யார் தலையில் இறங்கப் போகிறது?

தராசின் இரண்டு தட்டுகளும் எங்களுக்குத் தெளிவாகவே இருந்தன. ஒரே பணத்துக்கு வெளியே மூன்று சென்ட் மனை, வேப்பமரம் வைக்க இடம். உள்ளே பொதுச்சுவர் வைத்த பழைய வீடு, வண்டியைச் சந்தில்தான் நிறுத்த வேண்டும். அம்மா உள்ளே கட்சி. "செவத்துக்கு அங்கிட்டு ஒருத்தரு தும்முனா இங்கிட்டுக் கேக்கணும்டா. அதான் ஊரு" என்பார். என் நண்பர் ஒருவர் வெளியே கட்சி. அவர் முதலில் தேடியது ஊருக்குள்தான். "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்டுவிட்டு, வீட்டைத் திறந்துகூடக் காட்டாமல் அனுப்பியிருக்கிறார்கள். லேஅவுட்டில் மனை வாங்கியபோது முன்பணத்தை மட்டும்தான் கேட்டார்களாம். அவருக்குப் புறநகர் ஒரு விடுதலை. அதை நான் எளிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஊரைவிட்டு வெளியே போவதும் மதுரைக்குப் புதிதல்ல. கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வளையம் வளையமாக விரிந்த ஊர், ஒரு காலத்தில் கோட்டைச் சுவரோடும் அகழியோடும் முடிந்துவிட்டது. 1837 வாக்கில், கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், சுவரை இடித்து அந்த இடிபாட்டாலேயே அகழியைத் தூர்த்தார்கள். அங்கே எழுந்தவைதான் வெளி வீதிகளும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும். இன்று ரயில்வே ஸ்டேஷனை விட்டு வெளியே வருபவர் கால் வைப்பது மேல வெளி வீதியில். அதை யாரும் ஊருக்கு வெளியே என்று நினைப்பதில்லை. நேற்றைய வெளிதான் இன்றைய உள். ஆகவே வெளியே போவதே தப்பு என்ற பேச்சு மதுரையில் எடுபடாது.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அன்று தூர்த்தது ஆட்கள் உள்ளே வராமலிருக்க வெட்டிய அகழி. இன்று தூர்ந்துகொண்டிருப்பவை ஆட்கள் வந்து தங்குவதற்காக வெட்டிய கண்மாய்கள். ஊர்ப் பெயர்களே இதைச் சொல்கின்றன. கடச்சனேந்தல், கண்ணனேந்தல்: ஏந்தல் என்றால் ஏரி. மேலமடையில் மடை இருக்கிறது. ஊமச்சிகுளம், ஆலங்குளம் பற்றி விளக்க வேண்டியதில்லை.

நாங்கள் ஏறக்குறைய முடிவு செய்துவிட்ட மனை வடக்கே ஒரு கண்மாய்க் கரைக்குக் கீழே இருந்தது. பட்டா இருந்தது, வில்லங்கம் சுத்தம், டிடிசிபி அங்கீகாரமும் உண்டு. அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவுக்கு 2016இல் தடை வந்ததிலிருந்து இந்த விஷயத்தில் எல்லோருமே உஷார். வக்கீல் பார்த்துக் குறையில்லை என்றார். வங்கியும் சரி என்றது. பழைய பதிவேட்டில் மட்டும் நஞ்சை என்று இருந்தது. "வாய்க்கால் எங்கண்ணே போச்சு?" என்று தரகரைக் கேட்டேன். "அதெல்லாம் பத்திரத்துல கெடையாது சார்" என்றார். அவர் சொன்னது உண்மை. வயலுக்கு வயல் பாய்ந்த அந்தச் சின்ன வாய்க்கால் பட்டா நிலத்துக்குள்ளேயே, பக்கத்து வயல்காரர்களின் வாய்ப்பேச்சில் ஓடியது. வயல் மனையானதும் எந்தக் காகிதத்தையும் மீறாமல் அது மறைந்துவிட்டது. சட்டம் முடிந்த இடத்தில்தான் என் கேள்வி தொடங்கியது.

"நீங்க வாங்கலைன்னா நாளைக்கே வேற ஆளு வாங்கிருவாரு" என்றும் அவர் சொன்னார். இதற்குப் பதில் சொல்வது சுலபமில்லை. நான் விலகுவதால் வாய்க்கால் திரும்பி வராது. விற்ற விவசாயி பக்கமும் நியாயம் இருக்கிறது. வரத்துக்கால் அடைபட்டு, கண்மாய் நிறையாமல், கடைமடைக்குத் தண்ணீரே வராத நிலத்தை அவர் எத்தனை வருடம் கட்டிக்கொண்டு அழுவார்? ஆனாலும் தரகரின் அதே வாதத்தை ஆற்றில் மணல் அள்ளுகிறவரும் சொல்லலாம். விளைவை என்னால் மாற்ற முடியாது என்பதால் என் பங்கு இல்லாமல் போய்விடுமா? இருநூறு மனை உள்ள லேஅவுட்டில் என் பங்கு இருநூறில் ஒன்று. யார் மனதையும் உறுத்தாத அளவு. இப்படி உறுத்தாத இருநூறு பங்குகள் சேர்ந்துதான் ஓர் ஆயக்கட்டு முழுதாகப் போகிறது. அதற்குக் கெட்டவர் ஒருவர்கூடத் தேவைப்படவில்லை.

இப்படிக் குழம்பிக்கொண்டிருந்தபோதுதான் 2024 அக்டோபர் 25 மழை வந்தது. சில மணி நேரக் கொட்டலில் செல்லூர்க் கண்மாய் பெருகி, பந்தல்குடி வாய்க்கால் கொள்ளாமல், தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. மழை அளவுக்கு மீறியதுதான். வாய்க்கால் தூர்ந்து கிடந்ததும் உண்மைதான். ஆனால் செல்லூர்க் கண்மாய்க்கு வடக்கே ஆனையூர்ப் பக்கத்துக் கண்மாய்களிலிருந்தும் உபரி நீர் இறங்கி வருகிறது. மேலே வயல் குடித்த மழை, இப்போது சிமென்ட் தரையில் வழுக்கி நேரே கீழே ஓடி வருகிறது. தறிச் சத்தம் கேட்கும் செல்லூர்த் தெருக்கள் எல்லார் கணக்கிலும் ஊருக்குள்தான். வெளியே ஒருவர் கார் நிறுத்த இடம் வாங்க, உள்ளே ஒருவர் அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றுகிறார். உள்ளே, வெளியே என்று நாம் பிரித்துப் பேசுகிற இரண்டையும் ஒரே தண்ணீர்தான் இணைத்து வைத்திருக்கிறது.

இந்தப் பாரம் முழுவதையும் மாதச் சம்பளக்காரர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. 2004இல் திறந்த உயர் நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாய்ப் பரப்பில் எழுந்ததுதான். 2011இல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் எல்லாவற்றையும் சேர்த்து, 52 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 148 ஆனது. எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமல் விட்டதை, மூன்று சென்ட்காரரின் மனசாட்சி மட்டும் நிறுத்திவிடாது. மாசி வீதி விலை கொடுக்க முடிந்தவர் மட்டுமே நல்லவராக இருக்க முடியும் என்றால் அது என்ன அறம்?

கடைசியில் அந்த மனையை விட்டுவிட்டோம். சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில், ஒரு சென்ட் பழைய வீடு. மனைவியின் பள்ளிக்கூடம் அங்கிருந்து நடக்கிற தூரம். அந்த வசதி இல்லாவிட்டால் நானும் வெளியேதான் போயிருப்பேனோ என்னவோ; அதனால் இந்த முடிவுக்குப் பெரிய பெயர் வைக்க எனக்குக் கூச்சம். எங்களிடமும் "என்ன ஆளுக?" என்று கேட்டார்கள். அப்படிக் கேட்காத ஒருவர் கிடைக்க ஐந்து மாதம் ஆனது. அவ்வளவு நாள் காத்திருக்கும் சவுகரியம் என் நண்பருக்கு இல்லை.

ஆகவே ஊருக்குள் வாங்குங்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. வக்கீல் கருத்துரையில் வராத இரண்டு கேள்விகளை மட்டும் சொல்கிறேன். வெளியே வாங்கினால், இந்த மனையில் விழும் மழை எங்கே போகும் என்று கேளுங்கள். உள்ளே வாங்கினால், இந்தத் தெருவில் வீடு வாங்க முடியாதவர் யார் என்று கேளுங்கள். பதில் பிடிக்கவில்லை என்றாலும் வாங்கத்தான் வேண்டியிருக்கலாம். அப்போது அந்தப் பதில் நம் பொறுப்பாகிவிடுகிறது. பத்திரத்தோடு சேர்த்து அதையும் வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும்.

நண்பரின் லேஅவுட்டில் இப்போது குடியிருப்போர் சங்கம் இருக்கிறது. முதல் மனு தெருவிளக்குக்கு, இரண்டாவது ரோட்டுக்கு. மூன்றாவது, பக்கத்துக் கண்மாயின் வரத்துக்காலைத் தூர்வாரச் சொல்லி. அதை எழுதியவர் அவர்தான். "பின்ன என்ன? இனி இது நம்ம ஊருதானே" என்கிறார்.