கடவுளுக்காக அடங்கும் இரவு

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் வந்து குடியேறுகிற தமிழன், அந்நாட்டார் இரவைக் கழிக்கும் விதத்தில் காண்கிற வேற்றுமைகளுள், நள்ளிரவு கடந்தும் விடுதிகளில் அமர்ந்து பருகுவதும் ஆணும் பெண்ணும் கூடி ஆடுவதும் சில நாட்களிலேயே கண்ணுக்குப் பழகிப்போகின்றன. பழகிய பின்னும் சிந்தையை விட்டு அகலாதது, அவ்வளவு ஆட்டமும் ஒரு குறித்த வேளையில் சட்டத்தின் ஆணைக்குக் கட்டுப்பட்டுக் கடவுளின் பொருட்டு நின்றுவிடுகிற அந்த அதிசயமே. புனித வாரத்தில் புதன்கிழமை இரவு தொடங்கிய நடனம் அன்று பின்னிரவு 2 மணியோடு நின்றாக வேண்டும். சனிக்கிழமை நள்ளிரவு வரையில் அது மீண்டும் தொடங்கலாகாது. இடையில் வரும் பெரிய வெள்ளியன்று மது விற்கும் விடுதிகளில் எவ்வகை இசையும் கூடாது. விளையாட்டுப் பந்தயங்களும் கூடா. திருநீற்றுப் புதன், சகல புனிதர் திருநாள் முதலாக இவ்வாறு அமைதிக்கென்று ஒதுக்கப்பட்ட நாட்கள் ஆண்டில் 9. விடுதிகளை மூடும் நேரம் என்ற நியதியையே மேற்குப் பகுதியில் 1949-இல் நீக்கிவிட்ட பெர்லின் நகரத்திலும், பெரிய வெள்ளியன்று அதிகாலை 4 மணி முதல் இரவு 9 மணி வரை பொது நடனத்துக்குத் தடை இருக்கிறது.

சட்டப் புத்தகத்தைப் பார்த்தால், இரவைப் பொறுத்தமட்டில் அந்நாட்டுக்கும் நம் நாட்டுக்கும் பெரிய பேதம் இல்லை. அங்கே பொதுவாக இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அண்டை வீட்டார் உறக்கத்தைக் கெடுக்கலாகாது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும் அதே 10 மணி முதல் 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. பேதம் விதிவிலக்கில் இருக்கிறது. சமய விழாவுக்கோ கலை விழாவுக்கோ ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை ஒலிபெருக்கியை அனுமதிக்க நம் மாநில அரசுகளுக்கு அதிகாரம் உண்டு. அங்கே தெய்வத்தின் பெயரால் இசை நிறுத்தப்படுகிறது. இங்கே தெய்வத்தின் பெயரால் இசைக்கு நேரம் நீட்டித்துத் தரப்படுகிறது.

தொண்டை நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்தை விடிய விடியப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பிராது. மிருதங்கமும் தாளமும் முகவீணையும் முழங்க, திரைக்குப் பின்னிருந்து கட்டியக்காரன் வரும்போது, முன்வரிசைப் பாயில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். துச்சாதனன் வரும் கட்டத்தில் பாட்டிமார்கள் அவர்களைத் தட்டி எழுப்புவார்கள். உறங்காதிருப்பதே அங்கே வழிபாட்டின் ஒரு பகுதி. சிவராத்திரியின் நான்கு யாமங்களும் அபிஷேகமும் மணியோசையுமாகக் கழிவதும் இந்த மனோபாவத்தின் பாற்பட்டதே.

வேற்றுமைக்குக் காரணம் மதபேதம் என்று சொல்லிவிட எளிதாக இருக்கும். அது முழு உண்மையாகாது. பவேரியக் கிராமங்களில் வியாழன் மாலைத் திருப்பலிக்குப் பிறகு கோயில் மணிகள் மௌனமாகிவிட, சிறுவர்கள் மரத்தாலான கிலுகிலுப்பைகளைக் கரகரவென்று சுழற்றிக்கொண்டு தெருத் தெருவாய்ச் சென்று ஜபவேளையை அறிவிக்கிறார்கள். பலிபீடத்தின் துணியும் விளக்கும் அகற்றப்படுகின்றன. இவை இறைமகன் மாண்டதற்கான துக்கம். அதே மரணத்துக்கு, அதே வெள்ளிக்கிழமையில், தமிழ்க் கத்தோலிக்கர் வியாகுலப் பிரசங்கத்தை உருக்கமான ராகத்தோடு வாசித்துக் கண்ணீர் விடுகிறார்கள். பறை ஒலிக்க ஒப்பாரி வைத்து இறந்தவரை அனுப்பி வைக்கிற சமூகத்தில் பிறந்தவர்களுக்குத் துக்கமும் வாய்விட்டே வெளிப்படும். ஆகையால் மௌனமே பக்தியின் உயர்ந்த நிலை என்றும், ஓசை அதன் கீழ்ப்படி என்றும் கூறுவாரோடு நான் உடன்படுவதற்கில்லை.

ஆயினும் நிர்ப்பந்தத்தால் விளைகிற மௌனம் பக்தியாகுமா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. 2007-ஆம் ஆண்டின் பெரிய வெள்ளியன்று மியூனிக்கில் சமய நம்பிக்கையற்றோர் சங்கம் ஒன்று ஓர் அரங்கத்தில் நடத்த எண்ணிய நடனத்தை அதிகாரிகள் தடுத்தனர். வழக்கு கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் வரை சென்றது. 2016-இல் வந்த தீர்ப்பு, அமைதி நாளைச் சட்டத்தால் பாதுகாப்பது முறையே என்றும், ஆனால் மூடிய அரங்கில் தம் கொள்கையை வெளியிடக் கூடுவோருக்கு விலக்கே கிடையாது என்பது முறையன்று என்றும் கூறிற்று. அத்தீர்ப்பை நான் மனமார ஏற்கிறேன். துக்கம் காக்கிறவனுடைய வாசலில் கூத்தாடாதிருப்பது மரியாதை. அவனுடைய துக்கத்தை எல்லாரும் பாவிக்க வேண்டும் என்று கட்டளையிடுவதால் யாருக்கும் புண்ணியம் இல்லை.

கத்தோலிக்க சமயமும் இரவில் விழித்திருப்பதை அறியாததன்று. பல நூற்றாண்டுகளாகச் சனிக்கிழமைக் காலையிலேயே நடந்து முடிந்துகொண்டிருந்த உயிர்ப்பு விழிப்பு வழிபாட்டை 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் பரீட்சார்த்தமாகவும், 1955-இல் நிலையாகவும் இரவுக்கே மீட்டுத் தந்தார். ஆலயத்துக்கு வெளியே மூட்டிய தீயிலிருந்து ஒற்றை மெழுகுத்திரியை ஏற்றி, இருண்ட மண்டபத்துள் ஏந்திச் செல்கையில், கைக்குக் கை சுடர் பரவுவதைக் காண்கிற சைவன் எவனும் தன்னை அந்நியனாக உணரமாட்டான்.

2018-இல் இவ்விரண்டு மரபுகளும் ஒரே இரவில் சந்தித்தன. பிப்ரவரி 13 சிவராத்திரி. மறுநாள் திருநீற்றுப் புதன். பவேரியாவில் தவக்காலத்துக்கு முந்தைய களியாட்டத்தின் கடைசி நடனம் பின்னிரவு 2 மணிக்குச் சட்டப்படி நின்ற வேளையில், சிவனடியார்களுக்கு இன்னும் ஒரு யாம பூஜை பாக்கி இருந்தது. அமைதி நாளின் தடை கேளிக்கைக்கே உரியதாதலால் அபிஷேகத்தை அது தடுப்பதில்லை. பூஜைமணியின் ஓசையை அளந்து ஒலிக்கச் செய்வது பக்கத்து வீட்டில் உறங்குகிறவனின் உரிமைதான். முந்திய கட்டுப்பாட்டைக் காட்டிலும் இந்தப் பிந்திய கட்டுப்பாட்டையே நான் சமயக் கடமையாகக் கருதி விரும்பி ஏற்கிறேன். நம் ஊர்த் திருவிழாக்களின் ஒலிபெருக்கிகளும் அந்த 15 நாட்களிலும் இதை மறவாதிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.