கொடுத்த புத்தகம் எங்கே கூட்டிப்போகும்?

எதிர்வீட்டு டீச்சர் ‘இரட்சணிய யாத்திரிகம்’ கொடுத்தனுப்பிய அன்றைக்கு மருமகள் குரலைத் தணித்துக் கேட்டாள்: “மாமா, அவங்க உங்கள மாத்தப் பாக்குறாங்களோ?”

சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை அது. நான் திருநீறு பூசுகிற ஆள். டீச்சர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். நூலை எழுதிய எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையோ திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் கிறிஸ்தவரானவர். ஜான் பனியன் என்ற ஆங்கிலேயரின் கதையைத் தழுவி அவர் பாடி 1894இல் வெளிவந்த காவியம் இது. படிக்கிறவர் தான் வந்த வழிக்கே வரவேண்டும் என்று அவர் விரும்பித்தான் பாடினார். அதை அவர் மறைக்கவுமில்லை. அப்படியானால் ஒருவர் தமக்குப் பிடித்த ஞானநூலை இன்னொருவர் கையில் வைப்பது தானமா, தூண்டிலா?

நான் ரயில்வேயில் சரக்கு வண்டி கார்டாக இருந்தவன். கூடல் நகரில் ஏறினால், எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு லூப் லைனில் மணிக்கணக்காக நிற்போம். நான் படித்ததில் பாதி, பிரேக் வேனில் அப்படி நின்றபோது படித்தது. அங்கே யாரும் எதையும் சிபாரிசு செய்ய மாட்டார்கள், கிடைத்ததைப் படிப்பேன். ஓய்வுபெற்று விளாங்குடியில் உட்கார்ந்த பிறகுதான் கொடுக்கல் வாங்கல் தொடங்கியது, அதோடு இந்தச் சந்தேகமும்.

சந்தேகம் புதிதில்லை. சீவக சிந்தாமணியை எடுத்துக்கொள்ளுங்கள். சோழ அரசன் அந்தச் சமணக் காவியத்தில் மயங்கிக் கிடந்தானாம். அமைச்சராக இருந்த சேக்கிழார், அது வேண்டாம், சிவனடியார் வரலாற்றைக் கேளும் என்று திருப்பினார். அப்படிப் பிறந்தது பெரியபுராணம் என்று சேக்கிழார் புராணம் சொல்கிறது. ஒரு நூல் அரசனை எங்கே கொண்டுபோய்விடுமோ என்ற பயம். அந்தப் பயத்தை நான் மெச்சவில்லை. ஆனால் பயத்திலிருந்தும் ஒரு பெருங்காவியம் வரலாம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதே சிந்தாமணிக்குப் பல நூற்றாண்டு கழித்து வேறொரு சிபாரிசு கிடைத்தது. 1880 அக்டோபரில், கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை உ.வே. சாமிநாதையர் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் என்று அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. இதற்கெல்லாம் மூலமான பழைய நூல்கள் படித்ததுண்டா, சிந்தாமணி தெரியுமா என்றுதான் கேட்டார். பிறகு தம்மிடமிருந்த கையெழுத்துப் பிரதியையே கொடுத்தார். ‘என் சரித்திர’த்தில் அந்தப் பகுதியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. சைவ மடத்தில் மகாவித்துவானிடம் பாடம் கேட்டவர், சமண நூலின் பொருள் விளங்காமல் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்ச் சந்தேகம் கேட்கிறார். நமக்கு அது இலக்கியம்; அந்த வீடுகளில் அது பாராயணம் செய்கிற நூல். 1887இல் பதிப்பு வந்தது. ஐயர் நெற்றியில் திருநீறு அப்படியேதான் இருந்தது.

இதில் எனக்குப் பிடித்தது, முதலியார் முதலில் கேட்டதுதான். எதிரில் இருப்பவர் எதுவரை வந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டு கொடுத்தார். இதைத்தான் சைவ சித்தாந்தம் பக்குவம் என்கிறது. மலம் பழுக்காதவனுக்கு உபதேசம் பலிக்காது. குரு அது பார்த்துத்தான் வாய் திறப்பார். ஒருவகையில் இது கருணை. இன்னொரு வகையில், யாருக்குத் தகுதி என்று முடிவுசெய்கிற அதிகாரம் ஒரே கையில் போய்ச் சேர்கிறது. எத்தனை பேரை எத்தனை காலம் வாசலிலேயே நிறுத்தியிருக்கிறோம் என்பதை இங்கே நான் விரிக்க வேண்டியதில்லை.

அதை உடைத்த கதையும் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. திருப்பத்தூருக்குப் பக்கத்தில் திருக்கோஷ்டியூர். நம்பியிடம் பதினெட்டு முறை நடையாய் நடந்து மந்திரப் பொருளைப் பெற்ற இராமானுசர், சொன்னால் நரகம் என்ற எச்சரிக்கையையும் மீறிக் கோபுரத்தில் ஏறி எல்லாருக்கும் சொன்னார். தான் ஒருவன் நரகம் போய் இத்தனை பேர் உய்ந்தால் சரி என்பது அவர் கணக்கு. படிக்கும்போது மெய்சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனாலும் நமக்குப் பிடித்த நூலைக் கோபுரத்தில் ஏறிக் கூவுகிற எல்லாரும் இராமானுசர் ஆகிவிட முடியாது. அவர் தன் கதியைப் பணயம் வைத்துச் சொன்னார். நம்மில் பெரும்பாலோர், கேட்கிறவன் கதியைப் பணயம் வைக்கிறோம்: இதைப் படிக்காவிட்டால் நீ கெட்டாய் என்கிறோம்.

வைகையில் ஏடு விட்ட கதை மதுரைக்கு இரண்டு உண்டு. ஞானசம்பந்தர் விட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்துப் போய்த் திருவேடகத்தில் நின்றது. எங்கள் ஊரைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும் என்று டீக்கடையில் பெருமையாகப் பேசிக்கொள்வோம். இன்னொன்று நாலடியார் கதை. பஞ்சத்துக்குப் பாண்டிநாடு வந்த எண்ணாயிரம் சமண முனிவர்கள், ஊர் திரும்ப அரசன் விடை தராததால், ஆளுக்கொரு வெண்பா எழுதி வைத்துவிட்டு இரவோடு இரவாகப் போய்விட்டார்கள். கோபத்தில் அரசன் ஏடுகளை ஆற்றில் எறியச் சொல்ல, நானூறு எதிரேறி வந்தன. ஒரே ஆறு, ஒரே அற்புதம். ஆனால் சம்பந்தர் ஏடு சமணரோடு நடந்த வாதத்துக்காக விட்டது. அதன் முடிவில் தோற்ற எண்ணாயிரவர் கழுவேறியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அப்படி நடந்ததா என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. நடக்கவில்லை என்றே நம்ப விரும்புகிறேன். ஆனால் எங்கள் முன்னோர் அதைப் பெருமையோடு சொல்லிவந்தது நடந்ததுதானே? மற்ற ஏடுகளை எழுதியவர்களோ, யார் எடுத்தார்கள், படித்தார்களா என்று திரும்பிப் பார்க்கவில்லை. உணவு, மருந்து, அடைக்கலம் இவற்றோடு நூலையும் வைத்து நாலு தானம் என்று சமணர்கள் எண்ணியதை மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘சமணமும் தமிழும்’ நூலில் படித்தேன். பசித்தவனுக்குச் சோறு போட்டுவிட்டு, என் வீட்டுச் சோறு தின்றாய், இனி என் ஜாதி என்று சொல்வோமா?

கொடுக்கிறவருக்கு ஆசை இருக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. டீச்சரிடமே நேராகக் கேட்டுவிட்டேன். “ஆசை இல்லாம இருக்குமாண்ணே?” என்றார். “ஆனா நீங்க வர்றது உங்க பாடு, ஆண்டவர் பாடு. இந்தப் பாட்டுல எங்க பாத்தாலும் கம்பன் வாடை அடிக்குதே, அதைப் பேச எனக்கு ஆள் வேணும்.” உண்மைதான். வைணவத்தை விட்டுப் போனவர் கம்பனை விடாமல் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். நான் வைத்துக்கொண்டிருக்கிற உரைகல் ஒன்றுதான்: நான் கொடுக்கிற புத்தகம் வாங்கியவரை என்னிடமிருந்து இன்னும் தூரமாகக் கொண்டுபோனால், எனக்கு அது சம்மதமா? சம்மதம் என்றால் கொடுக்கலாம். ஜி.யு. போப் பாதிரியாராக இருந்துகொண்டே 1900இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் தன் ஆட்களுக்குக் கொடுத்தாரே, அவருக்கு அந்தச் சம்மதம் இருந்திருக்க வேண்டும். மருமகளுக்கு இந்தப் பதில் முழுத் திருப்தி இல்லை. இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அவள் இப்போது அந்த நூலை அவ்வப்போது புரட்டுகிறாள்.

எதில் தொடங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு: ‘என் சரித்திரம்’ பெரிய புத்தகம்; பயப்படுகிறவர்கள் முதலியாரைச் சந்திக்கிற அத்தியாயத்தில் நுழைந்து, பிறகு முன்னே போகலாம். வேங்கடசாமி சமணத்துக்கு முன்பே ‘கிறித்தவமும் தமிழும்’ 1936இலும் ‘பௌத்தமும் தமிழும்’ 1940இலும் எழுதிவிட்டார். மூன்றும் ஒரே வீட்டில் இருப்பது நல்லது. நாலடியாரை வரிசையாகப் படிக்க வேண்டாம். செல்வம் நிலையாது, இளமை நிலையாது, உடம்பு நிலையாது என்று எடுத்தவுடனே அடிக்கும். இளவட்டங்கள் மூடி வைத்துவிடுவார்கள். நட்பைப் பற்றிய அதிகாரங்களில் தொடங்குங்கள், நல்ல உரையோடு.