எண்கண் மயிலின் கால்கள்



எங்க நீடாமங்கலத்துலேர்ந்து ரொம்ப தூரமில்லை எண்கண். அங்கே ஆறுமுகன் மயில் மேல உட்கார்ந்திருக்கார். மொத்த பாரமும் அந்த மயிலோட ரெண்டு கால்லதான்!

போன தைப்பூசத்துக்கு அப்பா வரலை. மூணு வாரம் ஆஸ்பத்திரிப் படுக்கை. நாளெல்லாம் சேத்துல நின்ன மனுஷன், கெண்டைக்கால் சதை வத்திப்போய் எழுந்திரிக்கவே முடியலை. "முருகன் கைவிட்டுட்டானாடா?"ன்னு கேட்டார். பதில் சொல்லத் தெரியலை.

அப்புறம்தான் படிச்சேன். நம்ம உடம்புல 600க்கும் மேல எலும்புத்தசைகள்; எடையில சுமார் 40 சதவீதம். இதயம் நம்மைக் கேக்காம துடிக்கும். இந்தத் தசைகள் பெரும்பாலும் நாம நினைச்சாத்தான் அசையும். நடக்கும்போது கெண்டைக்கால் தசைதான் கீழே இறங்கின ரத்தத்தை மேலே தள்ளுது. படுத்தே கிடந்தா கரையும். வேலை கொடுத்தா 80 வயசுலயும் பலம் திரும்பும்.

கந்த சஷ்டி கவசத்துல தேவராய சுவாமிகள் தொடை, கணைக்கால், முழந்தாள்னு பேர் சொல்லி வேலைக் காவலுக்குக் கூப்பிடுறார். (பத்து மணி நேரம் நாற்காலியில உட்கார்ற நானும் அந்த வரியில இப்ப நிதானிக்கிறேன்!)

அப்பா கவசம் சொல்லிக்கிட்டே நாற்காலியிலேர்ந்து எழுந்து உட்கார்றார். முதல்ல மூணு தடவை, இப்ப பத்து. இந்தக் கிருத்திகைக்கு வாசல் வரைக்கும் நடந்துட்டார். எண்கண் இன்னும் போகலை.