பூட்டிய கதவும் சாவித் துவாரமும்

ஊதியம் பெறும் ஊழியர் பணிநேரத்தில் இணையத்தில் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கலாகாது என்று வரையறுக்க முதலாளிக்கு உரிமை உண்டா? உண்டு என்றே நாம் கருதுகிறோம். கணினி அவருடையது, இணைப்புக்குக் கட்டணம் செலுத்துபவரும் அவரே. ஊழியரின் பணிநேரமோ அவர் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைச் சூதாட்டத் தளத்தில் கரைப்பவர் கல்லாவில் கைவைப்பவரினின்றும் வெகுதூரம் விலகியவர் அல்லர். ஆயினும் முதலாளியின் அவ்வுரிமை எதுவரை செல்லும் என்பதே நம் முன்னுள்ள வினா.

வலைவடிகட்டி எனப்படும் கருவி செய்வது யாது? ஊழியர் தேடும் தளத்தின் பெயரைத் தன்னிடமுள்ள பட்டியலோடு அது ஒப்பிடுகிறது. ஆபாசம், சூதாட்டம், திரைப்படம், சமூக ஊடகம் எனத் தளங்கள் வகைபிரிக்கப்பட்டிருக்கும். மூடப்பட்ட வகையாயின் வழி கிடையாது. நச்சுநிரல் பரப்பும் தளங்களையும் இதுவே தடுக்கிறது. இம்மட்டில் இது வாயிற்காவலன் வேலை. யாரும் குறைகூற இடமில்லை. ஆனால் இன்றைய தளங்களில் பெரும்பாலானவை மறையாக்கம் செய்யப்பட்டவை. அவற்றின் உள்ளடக்கத்தையும் அறிய விரும்பும் நிறுவனம், ஊழியரின் கணினியில் தனது சான்றிதழ் ஒன்றைப் பதித்து, கடிதத்தை நடுவழியில் பிரித்துப் படித்து மீண்டும் ஒட்டி அனுப்புவது போன்ற ஏற்பாட்டைச் செய்துகொள்கிறது. விலக்களிக்கப்படாத தளமாயின், ஊழியர் இடும் கடவுச்சொல்லும் அதன் கண்ணுக்கு எட்டும். காவலன் இப்போது சாவித் துவாரத்தில் கண்வைத்து நிற்கிறான்!

கருவிக்கு அறிவு உண்டென்றும் எண்ணிவிடலாகாது. 1996இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் நகரத்தார் அமெரிக்கா ஆன்லைன் நிறுவனத்தில் கணக்குத் தொடங்க இயலாது தவித்தனர். ஊர்ப்பெயரின் நடுவே ஓர் ஆபாசச் சொல்லின் எழுத்துகள் அமைந்திருந்ததே குற்றம். வருசநாட்டு மலைகளின் அடியில் மூல வைகைப் பள்ளத்தாக்கிலுள்ள நம் கடமலைக்குண்டின் பெயரிலும் ஒரு 'குண்டு' இருக்கிறது. குண்டு என்பதற்குப் பள்ளம் என்னும் பொருளும் உண்டென்று அக்கருவிக்கு யார் சொல்வது?

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அரசு ஊழியர் அலுவலக நேரத்தில் சொந்தத் தேவைக்குக் கைப்பேசியைப் பயன்படுத்துவது நல்ல வழக்கமன்று எனக் கூறி, விதிமுறை வகுக்குமாறு தமிழக அரசைப் பணித்தது. வாசலில் மனுவோடு காத்து நிற்பவரை நினைத்தால் அது நியாயமே. ஆனால் அலுவலகக் கணினியின் வடிகட்டி சட்டைப்பையிலுள்ள கைப்பேசியைத் தடுக்காது. எனவே, நேரம் வீணாவதைத் தடுக்கவே வடிகட்டி என்போர் பாதி உண்மையையே கூறுகின்றனர். நிறுவனத்தின் தரவு வெளியே கசியாமலும் நச்சு உள்ளே நுழையாமலும் காப்பதே அதன் மெய்யான பயன். அதனை அவ்வாறே ஊழியரிடம் சொல்லிவிடலாம்.

ருமேனியாவில் பார்புலெஸ்கு என்பவர் 2007இல் வேலையிழந்தார். வாடிக்கையாளருக்கென நிறுவனம் தொடங்கச் சொன்ன யாகூ செய்திக் கணக்கில், தாம் மணக்கவிருந்த பெண்ணோடும் சகோதரரோடும் அவர் உரையாடியிருந்தார். உடல்நலம் பற்றிய பேச்சுகளையும் உள்ளிட்டு 45 பக்கங்களாக அவ்வுரையாடலை அச்சிட்டு நிறுவனம் அவர்முன் வைத்தது. 2017 செப்டம்பர் 5இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு, 11 பேருக்கு 6 பேர் என்ற பெரும்பான்மையில், அவரது அந்தரங்கம் காக்கப்படவில்லை எனத் தீர்ப்பளித்தது. நிறுவனம் தடைவிதித்தது பிழையெனக் கூறவில்லை. கண்காணிப்பின் தன்மையும் அளவும் முன்கூட்டி அறிவிக்கப்பட்டனவா, குறைந்த ஊடுருவலில் காரியம் முடிந்திராதா என்றே வினவிற்று. அதற்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன்புதான் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்திருந்தனர்.

பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதைத் திருக்குர்ஆன் 49ஆம் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் விலக்குகிறது. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் இரவுச் சுற்றின்போது ஒரு வீட்டின் சுவரேறி, மதுவருந்திய ஒருவரைக் கண்டித்தார்கள் என்றும், அவரோ தாம் செய்த ஒரு பிழைக்குக் கலீஃபா மூன்று பிழைகள் செய்துவிட்டதாகச் சுட்ட, அவர்கள் திரும்பிச் சென்றார்கள் என்றும் சொல்லப்படுவதுண்டு. துருவியது, வாயில்வழி வாராதது, அனுமதி கோராதது ஆகியவையே அம்மூன்று. மது ஆகுமானதென்று அங்கு எவரும் வாதிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

2020இல் பெருந்தொற்றால் நகரத்து அலுவலகங்கள் அடைபட்டபோது, நிறுவனத்தின் மடிக்கணினி பல குடும்பங்களின் கூடத்துக்கே வந்துவிட்டது. கடமலைக்குண்டில் ஒரு வீட்டுத் திண்ணையில் அதைத் திறந்தாலும் வடிகட்டி அங்கும் விழித்திருக்கும். கணவர் லுஹர் தொழுகைக்குச் சென்ற வேளையில், மனைவி தம் நோய் குறித்து அதில் எதையோ தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அத்தேடல் கணவரின் பெயரில், தொலைநகரத்திலுள்ள ஒரு பதிவேட்டில் ஏறுகிறது. 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பணிநிமித்தமும் நிறுவனத்தை இழப்பினின்றும் காக்கவும், ஊழியரின் ஒப்புதலின்றியே அவரது தரவைக் கையாள இடமளித்துள்ளது. அந்த அம்மையாரோ ஊழியர் அல்லர். அவரிடம் எவரும் எதையும் சொன்னதில்லை.

ஆகவே, பணியாணையில் கையொப்பமிடும் நம் பிள்ளைகள், எந்தெந்த வகைகள் மூடப்பட்டுள்ளன, பதிவேட்டை யார் பார்ப்பர், எத்தனை நாள் வைத்திருப்பர், தவறாக மூடிய தளத்தைத் திறக்க யாரிடம் கேட்பது என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறட்டும். அதே வடிகட்டி முதலாளியின் மேசைக் கணினியிலும் இயங்குகிறதா என்று ஒருவர் கேட்டால், அதைத் துடுக்கென்று கொள்ள வேண்டியதில்லை.