உண்ணாத பறவையும் பள்ளிக்கரணைச் சதுப்பும்

முண்டக உபநிடதத்தின் மூன்றாம் பகுதி, ஒரே மரத்தில் தோழமையோடு அமர்ந்திருக்கும் இரு பறவைகளைக் காட்டித் தொடங்குகிறது. அவற்றுள் ஒன்று மரத்தின் கனியை உண்கிறது, மற்றொன்று உண்ணாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. இருக்கு வேதத்தின் முதல் மண்டலத்திலேயே காணப்படும் இந்த உருவகத்துக்கு வேதாந்த மரபு பெரும்பாலும் தரும் பொருளின்படி, உண்பது வினைப்பயனை நுகரும் சீவன். பார்ப்பது எதிலும் தோயாமல் அனைத்தையும் அறிந்து நிற்கும் இறைவன், அதாவது சாட்சி.

சென்னையின் தென்பகுதியில், பள்ளிக்கரணைச் சதுப்புநிலக் கரையில், மார்கழி விடியலில் பைனாகுலரோடு நின்று பூநாரைகளையும் வடக்கிலிருந்து வலசை வந்த ஊசிவால் வாத்துகளையும் நோக்குபவரின் நிலை, இந்தச் சாட்சிநிலைக்கு மிக அருகில் இருப்பதாகத் தோன்றும். பறவையைச் சுட்டுக் கையிலெடுத்து அடையாளம் கண்ட காலத்திலிருந்து இன்றைய நோக்கர் நெடுந்தொலைவு வந்துவிட்டார். கிறிஸ்துமஸ் நாளில் பறவைகளையும் விலங்குகளையும் போட்டியிட்டு வேட்டையாடிய அமெரிக்க வழக்கத்துக்கு மாற்றாக, 1900இல் பிராங்க் சாப்மன் அதே நாளில் பறவைகளை எண்ணும் பணியைத் தொடங்கியபோது, கொல்லாமல் அறிவது சமயத் திருநாளுக்குரிய செயலாகவே மாறியது. ஆயினும் துப்பாக்கியைக் கீழே வைத்தவுடன் நுகர்ச்சி முடிந்துவிடுவதில்லை. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை மறைவிலிருந்து வெளியே இழுப்பதும், படத்துக்காகக் கூட்டை நெருங்கித் தாய்ப்பறவையை விரட்டுவதும், பட்டியலில் ஓர் இனம் கூடியதும் அப்பறவையை மறந்து அடுத்ததைத் தேடி ஓடுவதும் கனியை உண்ணும் வகைகளே.

எனினும் இவ்வாசைகளையெல்லாம் துறந்த நோக்கர் சாட்சியாகிவிடுவாரா என்பதே இங்குள்ள கடினமான வினா. மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் அருளிய சிவஞானபோதத்தை முதல்நூலாகக் கொண்ட சைவ சித்தாந்தம், உயிருக்கு அத்தகைய தனித்த நிலையை ஒப்புவதில்லை. எதனோடு கூடுகிறதோ அதன் இயல்பைத் தன் இயல்பாகக் கொள்வதே உயிரின் தன்மை என்று அது கூறுகிறது. இதனைச் சார்ந்ததன் வண்ணமாதல் என்பர். ஒளியின் துணையின்றிக் கண் எதையும் காணாதது போல, உயிரும் ஒன்றைச் சாராமல் எதையும் அறியாது. ஆகவே சார்பின்றி விலகி நின்று பார்க்கும் பார்வை உயிர்களுக்கு வாய்ப்பதில்லை. பறவை நோக்கலைப் பொறுத்தவரை இக்கொள்கையே உண்மைக்கு நெருக்கமானது என்று துணிந்து சொல்லலாம். ஏனெனில் பள்ளிக்கரணையின் கரையில் நிற்கும் நகரவாசி அம்மரத்துக்கு வெளியே நிற்பவர் அல்லர்: அவர் வீட்டுக் குப்பை பல பத்தாண்டுகளாகச் சதுப்பின் ஓரத்துப் பெருங்குடிக் கிடங்கில்தான் கொட்டப்பட்டது; அவர் குடியிருக்கும் அடுக்ககமோ வேலை செய்யும் நிறுவனமோ பழைய சதுப்பின்மேல் எழுந்ததாகவும் இருக்கக்கூடும். கூழைக்கடா இறங்கும் நீரின் அளவும் தூய்மையும் பார்ப்பவரின் வாழ்க்கையால் ஏற்கெனவே மாற்றப்பட்டவை. அந்நிலையில், தான் வெறும் சாட்சி என்று அவர் கருதுவது துறவு ஆகாது. அது பொறுப்பிலிருந்து விலகுதலாகவே முடியும்.

சார்பை ஒப்புக்கொண்டே காத்தவர்களுக்குச் சென்னைக்குத் தெற்கே வேடந்தாங்கல் நல்ல சான்று. ஏரியின் நீர்க்கடம்பு மரங்களில் கூடுகட்டும் நாரைகளின் எச்சம் நீரில் கலந்து வயலுக்கு உரமாவதை அவ்வூர் உழவர்கள் அறிந்திருந்தனர்; வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது முறையிட்டு, 1798இல் அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸிடமிருந்து பறவைகளைக் காக்கும் உரிமையும் பெற்றனர். அவர்கள் கனியை உண்டவர்கள். உண்டதனாலேயே மரத்தைக் காத்தவர்கள். அவர்களது பயன்கருதலை அன்பினின்று பிரித்துத் தாழ்த்துவது நியாயமன்று, ஏனெனில் தலைமுறைகளாகத் தொடர்ந்த சார்பில் அவ்விரண்டும் தனித்தனியாக நிற்பதில்லை.

பள்ளிக்கரணை 2022இல் ராம்சர் ஒப்பந்தத்தின்கீழ், அதாவது பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களைக் காக்கும் உடன்படிக்கையின்கீழ், இடம்பெற்றது. ஆனால் உழவருக்கு ஏரி எவ்வாறு பயன்பட்டதோ அவ்வாறே இச்சதுப்பும் நகருக்குப் பயன்படுகிறது என்பது இன்னும் பரவலாக உணரப்படவில்லை: தென்சென்னை ஏரிகள் நிரம்பி வழியும் மழைநீரைத் தாங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் அங்கிருந்து கடலுக்கும் மெல்ல அனுப்புவது பூநாரை நிற்கும் இதே சேற்றுநிலம்தான்.